ஓய்ந்த கலமும் ஒலித்த வானொலியும்

மின்னிரசாயனம் பயிலப் புகும் மாணவன் முதலில் எதிர்கொள்வது ஓர் அட்டவணையை. உலோகங்கள் அதில் நிரையாக நிற்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண் இருக்கும். நாகத்துக்கு −0.76 வோல்ற்று, செம்புக்கு +0.34 வோல்ற்று. பரீட்சைக்காக மனனஞ் செய்யப்பெற்று, அது முடிந்ததும் மறக்கப்படும் எண்கள் இவை. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காலத்தில், அவ்வட்டவணையைக் கண்டிராத மக்களும் அதன் பொருளைத் தம் நாளாந்த வாழ்விலே உணர நேர்ந்தது.

அவ்வெண்கள் உணர்த்துவது யாது? உலோகங்கள் யாவும் இலத்திரன்களை ஒரே அளவில் இழக்க விரும்புவனவல்ல. ஒன்றின் இயல்பைத் தனித்து அளத்தலும் இயலாது. ஐதரசன் மின்வாயைப் பூச்சியமெனக் கொண்டு, அதனோடு ஒப்பிட்டே நியம மின்வாய் அழுத்தம் குறிக்கப்படுகின்றது. கிணற்றடித் தொட்டியிலிருந்து வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்வது மட்ட வேறுபாட்டினால். நாகத்திலிருந்து செம்புக்கு இலத்திரன்கள் பாய்வதும் அத்தகைய வேறுபாட்டினாலேயே. 1836இல் டானியல் அமைத்த கலத்தில் இவ்வேறுபாடு 1.10 வோல்ற்று ஆகும்.

1866இல் லெக்கிளாஞ்சே அமைத்த கலத்தின் வழிவந்ததே, நம் வீடுகளில் ‘பற்றறி’ எனப் பெயர்பெற்ற உலர்கலம். அதன் புறக்கூடே நாகம், அதுவே அனோட்டு. நடுவே ஒரு காபன் கோல்; அதைச் சூழ மங்கனீசீரொட்சைட்டும் காபன் தூளும்; இடையே அமோனியங்குளோரைட்டுப் பசை. நாகம் இலத்திரன்களை இழந்து கரைய, மங்கனீசீரொட்சைட்டு அவற்றை ஏற்றுத் தாழ்த்தப்படுகின்றது. கிடைப்பது ஏறத்தாழ 1.5 வோல்ற்று. கடையிலே சில்லறைக்கு வாங்கக்கூடிய இப்பொருளின் அருமையை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் முதலிய பொருட்களோடு பற்றறியும் தடைக்குள்ளாயிற்று. போர்க்கருவிகளுக்குப் பயன்படும் என்பது தடைக்குக் கூறப்பட்ட காரணம். ஆனால் வீட்டிலிருந்தோர்க்குப் பற்றறி என்பது இரவிற் கிணற்றடிக்குச் செல்ல ஒரு வெளிச்சம்; எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை மூடப்பட்டது என்று அறியத் துணைபுரியும் வானொலியின் உயிர். பிபிசி தமிழோசைக்காக அயலவர் ஒரு வீட்டில் கூடுவதும் அக்காலத்து வழக்கம்.

ஆகவே ஓய்ந்த கலங்களை எவரும் எறியவில்லை. முற்றத்து வெயிலிலே அவற்றைக் காயவைத்தனர். ஆணியால் துளையிட்டு உப்புநீர் ஊற்றினர். பல கலங்களைக் கடதாசிக் குழாயில் வரிசையாக அடுக்கி வானொலியோடு இணைத்தனர். இச்செயல்களுக்கெல்லாம் இரசாயனத்திற் காரணம் உண்டு. கலம் தொழிற்படும்போது விளைபொருட்கள் மின்வாய்களின் அருகே திரண்டு தடையாகின்றன. ஓய்வும் வெப்பமும் அவற்றைச் சற்றே விலகச் செய்கின்றன. பசை உலர்ந்தால் அயன்கள் நகர வழியின்றிக் கலத்தின் அகத்தடை பெருகும். உப்புநீர் அவ்வழியை மீண்டும் திறக்கின்றது. கலங்களை வரிசையில் இணைக்க, அவற்றின் குறைந்த அழுத்தங்கள் ஒன்றோடொன்று கூடுகின்றன.

மின்சூள் ஏற்ற இயலாத கலம் வானொலியை ஒலிக்கச் செய்தமைக்கும், வானொலியைக் கைவிட்ட கலம் சுவர்க்கடிகாரத்தை ஓட்டியமைக்கும் காரணம் ஒன்றே. வேண்டிய மின்னோட்டம் குறையக் குறைய, அகத்தடையில் இழக்கப்படும் அழுத்தமும் குறையும். மின்சூளுக்குப் பின் வானொலி, வானொலிக்குப் பின் கடிகாரம் என்று ஒரே கலம் படிப்படியாக இறங்கியது.

கலங்கள் முற்றாக ஓய்ந்தபோது துவிச்சக்கர வண்டியின் டைனமோ துணைக்கு வந்தது. வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் மிதிகட்டையைச் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். எனவே இடையே ஒரு சீராக்கியும் வேண்டியிருந்தது. நாகம் கரைந்து தந்த சக்தியை இப்போது மனிதரின் கை தந்தது. கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும்.

இவ்வூக்கத்தை வியந்து பேசுவோர் பலர். வியப்புக்குரியதே, ஐயமில்லை. ஆனால் வியப்போடு நின்றுவிடுதல் உண்மைக்கு ஒவ்வாது. வெயிலும் உப்புநீரும் கலத்தில் எஞ்சியிருந்ததை வெளிக்கொணர்ந்தன. கரைந்த நாகத்தை அவை மீட்டுத் தரவில்லை. துளையிட்ட கூடு விரைவில் அரித்துக் கசிந்தது. புத்துயிர் என்று மகிழ்ந்தது உண்மையில் மிச்சத்தின் இறுதிச் செலவே.

ஒரு தலைமுறையின் கதையும் இதனின் வேறன்று. ஜாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத்திரியின் மங்கிய சுடரிலே உயர்தர இரசாயனம் படித்த மாணவர்கள் இருந்தனர். மின்வாய் அழுத்தக் கணக்கைத் தாளிற் செய்தவர்களுக்குப் புதுக்கலம் ஒன்று கைக்கெட்டாப் பொருளாயிருந்தது. அவர்களுட் பலர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்பது பெருமையே. அப்பெருமைக்காக அவர்கள் கொடுத்த கண்ணொளியையும் உறக்கத்தையும் இளமையையும் எவரும் கணக்கில் எழுதவில்லை.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை ஒட்டித் தடைகள் நீக்கப்பட்டன. இன்று பற்றறி எந்தக் கடையிலும் கிடைக்கின்றது; ஓய்ந்ததும் எறியப்படுகின்றது. ஆயினும் அக்காலத்தைக் கடந்த வீடுகள் சிலவற்றில் முதியோர் பழைய கலத்தை உடனே எறிவதில்லை. கையிலெடுத்து ஒருகணம் பார்க்கின்றனர். பின்னர் கடிகாரத்தில் இட்டுப் பார்க்கின்றனர்.