உலகின் முதல் பெட்ரோல் பங்க்... ஒரு மருந்துக்கடை!

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது வீஸ்லோக் என்ற சிறிய ஊர். கார் பிரியர்கள் இங்கே தேடி வருவது ஒரு பழைய மருந்துக்கடையை! 'உலகின் முதல் பெட்ரோல் பங்க்' என்று ஊரே பெருமைப்படும் இடம் அது. வாசலில் நினைவுச்சின்னமும் உண்டு.

மருந்துக்கடை எப்படி பெட்ரோல் பங்க் ஆனது?

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால், குதிரை இல்லாத வண்டியை நம்பிப் பணம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. சோதனை ஓட்டமெல்லாம் ஊரைச் சுற்றியே முடிந்துவிடும். அவர் மனைவி பெர்த்தாவுக்கோ இது வாழ்வா, சாவா பிரச்னை. திருமணத்துக்கு முன்பே தன் சீர்ப் பணத்தை அந்தப் பட்டறையில் போட்டவர் அவர்.

1888 ஆகஸ்ட் மாதம். ஒருநாள் அதிகாலையில், கணவரிடம் சொல்லாமல் மகன்கள் ஆய்கன் (15), ரிச்சர்ட் (13) இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து கிளம்பிவிட்டார் பெர்த்தா. போக வேண்டிய இடம், சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் போர்ட்ஸ்ஹைம், அவருடைய அம்மா வீடு.

வீஸ்லோக் வந்தபோது எரிபொருள் தேவைப்பட்டது. துணியில் கறை போக்க மருந்துக்கடையில் விற்ற 'லிக்ராயின்' திரவத்தை வாங்கி ஊற்றினார்கள்.

அதைவிடப் பெரிய பாடு தண்ணீர். அந்த வண்டியில் இன்று இருப்பதுபோல் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் சூடாகி ஆவியாகும்போது, இன்ஜின் சூட்டையும் கொண்டுபோகும். ஆவியாகப் போன தண்ணீர் போனதுதான்! எனவே கிணறு, ஓடை, சத்திரம் என்று கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தித் தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தது.

எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தார் பெர்த்தா. மின்கம்பி உரசிப் பழுதானதும், காலுறையைப் பிடித்திருந்த பட்டையைக் கழற்றிச் சுற்றிவிட்டார். ப்ரூக்ஸால் நகரில் கொல்லர் ஒருவர் சங்கிலியைச் சரிசெய்து கொடுத்தார். மேட்டில் வண்டி திணறியபோது இறங்கித் தள்ளினார்கள். பள்ளத்தில் வேறு பயம். மரக்கட்டை பிரேக் தேய்ந்துகொண்டே வந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, கட்டைமேல் தோலை ஆணியடித்து வைத்தார். இன்றைய பிரேக் லைனிங்குக்கு அதுதான் தொடக்கம்.

இருட்டும் நேரத்தில் போர்ட்ஸ்ஹைம் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி பறந்தது. சில நாளில் வண்டியிலேயே திரும்பியவர், 'மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும்' என்று சொல்ல, கார்லும் சேர்த்தார். பட்டறையில் தெரியாத குறைகளை மேடும் பள்ளமும் காட்டிக்கொடுத்துவிட்டன.

பெர்த்தா போய் வந்த வழி 2008 முதல் 'பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை'. போக வர 194 கி.மீ. வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்தபடியே காரில் போகலாம். வழியில் உள்ள லாடன்புர்க் ஊரில், பென்ஸ் குடும்பத்தின் பழைய தொழிற்சாலை இப்போது கார் மியூசியம். 1944-ல், 95 வயதில் பெர்த்தா கண்மூடியதும் இதே ஊரில்தான்.

இந்தப் பாதையில் இன்று ஒரே மூச்சில் போய் வந்துவிடலாம். ஆனாலும் வீஸ்லோக் மருந்துக்கடை வாசலில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும்!