ஹெரால்டுக்கு ஒரு இடம்: அபார்ட்மென்ட்டில் பழைய கார் பிரிக்க நினைப்பவர்களுக்கு ஒரு நீண்ட இழை

1/ பழைய கார் ஒன்றை வீட்டிலேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சரி செய்வதை 'ப்ராஜெக்ட் கார்' என்பார்கள். இதைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதல்ல வர்ற கேள்வி, "ஸ்பேர் எங்க சார் கிடைக்கும்?"

2/ ஸ்பேர் புதுப்பேட்டையில் தேடலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்கலாம். எங்கேயும் கிடைக்கலன்னா லேத்ல குடுத்து கடைஞ்சுக்கலாம். சென்னையில் கிடைக்காத ஒரே சாமான் இடம்தான். அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த இழை. நடுவில் கொஞ்சம் மருத்துவமும் வரும், பொறுத்துக்கோங்க.

3/ வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1970ஆம் வருஷத்து நாலு கதவு மாடல். தாத்தா வாங்கியது. நம்ம ஊர்க் கார் இது. பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961லிருந்து செய்தார்கள். மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்ட், 1959ல் வந்தது, வடிவமைத்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர். நாலு கதவு வைத்தது மட்டும் நம்ம ஆட்கள் வேலை.

4/ அது நின்றிருந்தது மயிலாப்பூரில், மாமா வீட்டுப் போர்ட்டிகோவில். அந்த வீடு பில்டர் கைக்குப் போனது. இடிக்கும் தேதி குறித்தாச்சு. மாமா போன் பண்ணி, "இரும்புக் கடைக்காரன் கிலோ கணக்குல கேக்கறான்டா, நீ எடுத்துக்கறியா?"ன்னார். பக்கத்தில் அம்மா. அம்மா கார் ஓட்டக் கற்றது அந்த வண்டியில்தான். அம்மா ஒண்ணும் சொல்லல, டிவி சத்தத்தை மட்டும் குறைச்சாங்க.

5/ எங்கள் வீடு கொட்டிவாக்கத்தில், ஈசிஆரிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் தெரு ஒன்றில், எட்டு வீடு இருக்கும் அபார்ட்மென்ட். போர்ட்டிகோ கிடையாது. மூன்று வாரத்தில் இடம் பார்த்தாகணும். இருந்த வழி நாலு: தெரு, காலி மனை, வாடகை ஷெட், ஸ்டில்ட் பார்க்கிங்.

6/ தெரு: யோசிக்கவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகலாம். டயரில்லாமல் கல் மேல் நிற்கும் வண்டியைப் பார்த்தால் கார்ப்பரேஷன்காரர்களுக்கும் அது குப்பைதான்.

7/ காலி மனை: எங்க ஏரியாவில் ஓனர் வெளிநாட்டில் இருக்கும் மனைகள் உண்டு. கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கொட்டிவாக்கத்து மண் கடற்கரை மணல். ஜாக் வைத்து ஏற்றினால் வண்டி ஏறாது, ஜாக் இறங்கும். கனமான பலகை போட்டால் நிற்கும். ஆனா காத்துல வர்ற மணல் பிரிச்சுப் போட்ட பேரிங்குக்குள்ள போகும். ஐப்பசி வந்தா மழை.

8/ அதைவிட உப்புக் காற்று. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பு மேல் வைத்துக்கொள்ளும். பெயின்ட் சுரண்டிய தகடு ராத்திரி திறந்து கிடந்தால் காலையில் மஞ்சள் தூள் பூத்திருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: இன்றைக்குச் சுரண்டியதற்கு இன்றைக்கே ப்ரைமர். முடியாதுன்னா சுரண்டாதீங்க.

9/ வாடகை ஷெட்: வேளச்சேரி தாண்டி, ஓஎம்ஆர் உள்பக்கம் கிடைக்கும். பிரச்சினை பணம் மட்டும் இல்லை. ட்யூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த ஆள் மறுபடி கிளம்பி அவ்வளவு தூரம் போய் நாலு போல்ட் கழற்ற மாட்டார். முதல் மாதம் போவார், அப்புறம் வாடகை மட்டும் போகும். ப்ராஜெக்ட் கார் ஓடுவது அரைமணி, முக்கால் மணித் துண்டுகளில். மாடியிலிருந்து இறங்கினால் வண்டி இருக்கணும்.

10/ ஆக ஸ்டில்ட். டேப் எடுங்க. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்லும் கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். ஹெரால்ட் நீளம் சுமார் 3.9, அகலம் சுமார் 1.5. நீளத்தில் 1.1 மீட்டர் மிச்சம், அகலத்தில் ஒரு மீட்டர் மிச்சம். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு அரை மீட்டர். கதவு முழுசாத் திறக்காது, ஆள் உட்கார்ந்து ஸ்பானர் திருப்ப முடியாது.

11/ அதனால் நடுவில் நிறுத்தாதீங்க. ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி, ஒரு சாண் விட்டு நிறுத்துங்க. இன்னொரு பக்கம் முக்கால் மீட்டருக்கு மேல் கிடைக்கும். ஒரு பக்க வேலை முடிந்ததும் வண்டியைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். ஹெரால்ட் 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி, ரெண்டு பேர் தள்ளினால் ஸ்டில்ட்டுக்குள்ளேயே திரும்பும்.

12/ ஹெரால்டில் இன்னொன்று. பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டு, அப்படியே முன்பக்கமாகக் கவிழும். டயர் மேலே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம், 948 சிசி, சுத்திலும் கை போகும். ஆனா கவிழ முன்னாடி இடம் வேணும், கிட்டத்தட்ட ரெண்டடி. உங்க வண்டி எதுவானாலும் மூடின நிலையில் அளக்காதீங்க, எல்லாத்தையும் திறந்து வெச்சு அளங்க.

13/ இதைவிட முக்கியம்: பிரித்த கார், பிரிக்காத காரைப் போல் ரெண்டு மடங்கு இடம் பிடிக்கும். நாலு கதவு, சீட், பம்பர், கண்ணாடி, டேஷ்போர்டு. எங்கள் வீட்டில் சீட் பரணில், கண்ணாடிகள் போர்வை சுற்றி அம்மா கட்டிலடியில், பம்பர் பீரோவுக்குப் பின்னால். ஒவ்வொரு போல்ட்டும் தனி ஜிப் கவரில், எங்கே கழற்றியது என்று எழுதி. மாத்திரை கவரில் காலை-மதியம்-இரவு எழுதற பழக்கம் இங்கே உதவியது.

14/ டேப்போடு சுத்தி வந்தப்பதான் ஸ்டில்ட்டில் வேறு என்னவெல்லாம் இருக்குன்னு கணக்கு எடுத்தேன். நீங்களும் எடுங்க. ஒண்ணு, தண்ணி சம்ப் மூடி. ரெண்டு, மோட்டார் சுவிட்ச். மூணு, ஈபி மீட்டர் பெட்டி. நாலு, படிக்கட்டுக்கு அடியில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கும் ரூம்.

15/ பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். ஸ்டில்ட்டில் பள்ளம் என்றால் சம்ப். எட்டு வீடு குடிக்கும் தண்ணீர். மோட்டார் சுவிட்ச் போடும்போது ஒரு சின்னப் பொறி வரும், அது நம் கண்ணுக்குத் தெரியாது, ஆவிக்குப் போதும். சம்ப் மூடிக்கும் ஈபி பெட்டிக்கும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் எரிபொருள் வேலை கூடவே கூடாது.

16/ அசோசியேஷனுக்குப் போவதற்கு முன் வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ரொம்ப நேரம் தயங்கினார். "சத்தம் பரவால்ல டாக்டர் சார், தூங்கிருவோம். அந்தப் பெட்ரோல் வாடை மட்டும் வேணாம் சார். இவளுக்கு இளைப்பு இருக்குது."

17/ எட்டு வீட்டுக்காரர்களுக்கும் ஸ்டில்ட் என்பது கார் நிற்கும் இடம். அந்த அக்காவுக்கு அது வாசல், ஜன்னல், காற்று எல்லாம். இளைப்பு இருக்கும் ஒருவருக்குப் பெட்ரோல், தின்னர், பெயின்ட் வாடை எதுவுமே ஆகாது, நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு கேஷுவாலிட்டிக்கு வரவைக்கும். அங்கே உட்கார்ந்து நெபுலைசர் எழுதறவன் நானே என்கிறப்போ, வீட்டுக்குக் கீழே அதை உண்டாக்க முடியாது.

18/ அதனால் வேலையை இடத்துக்கேற்ப ரெண்டாகப் பிரித்தோம். வாடை, புகை, பொறி வரும் எதுவும் ஸ்டில்ட்டில் இல்லை. டிக்கியில் இருக்கும் பெட்ரோல் டேங்க்கை மயிலாப்பூரிலேயே கழற்றி, காலி செய்த பிறகுதான் வண்டி கொட்டிவாக்கத்துக்கு வந்தது. வெல்டிங், பெயின்ட், எஞ்சின் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் ஒர்க்‌ஷாப்பில். கழற்றுவது, துடைப்பது, கை பிரஷ்ஷால் சுரண்டுவது, வயரிங், பிரேக், சீட் தையல் இங்கே. ப்ரைமர் அடிக்கும் துண்டு மட்டும் கையோடு மொட்டை மாடிக்குப் போகும்.

19/ இப்போது அசோசியேஷன். "என் பார்க்கிங், நான் என்ன வேணா செய்வேன்" என்று ஆரம்பிக்காதீங்க. 2010ல் நஹல்சந்த் லலூசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து, ஸ்டில்ட் பார்க்கிங் பொதுப் பகுதி, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று சொன்னது. நம் மாநிலத்துக்கு 1994 அடுக்குமாடிச் சட்டம், அதற்குப் பதிலாக 2022 சட்டம். உங்க பத்திரத்தில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் பேசுங்க. பேசும்போது அனுமதி கேட்கிற தொனியில் பேசுங்க.

20/ நான் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். என்ன வேலை, என்ன வேலை இல்லை, ஞாயிறு 10 முதல் 1 வரை மட்டும் சத்தம், தரையில் எண்ணெய் சிந்தாமல் தட்டும் மரத்தூளும், தீயணைப்பான் ஒன்று, ஒரு வருஷக் கெடு. செக்ரட்டரி சார் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, ஒரு வருஷம் கழிச்சும் அங்கயே நின்னா?" எடுத்துவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கெடு இல்லாத ப்ராஜெக்ட் காருக்கு எந்த அபார்ட்மென்ட்டும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது.

21/ இனி மருத்துவம். முதலில் ஜாக். ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. ஜாக் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ மார்போ போகக் கூடாது. ரெண்டு ஜாக் ஸ்டாண்டு, எதிர்ப்பக்க டயருக்குக் கட்டை, சமதளத் தரை. மார்பு நசுங்கினால் உதவிக்குக் கத்தவே மூச்சு இருக்காது. அடியில் போகும்போது இன்னொரு ஆள் பக்கத்தில் இருக்கணும்.

22/ ரெண்டாவது, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். தலைவலி, குமட்டல், மயக்கம்: ஃபுட் பாய்சன் மாதிரிதான் தெரியும். விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் 98, 99 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். அதை நம்பாதீங்க.

23/ மூடிய கராஜில் எஞ்சின் ஓட்டவே கூடாது. ஸ்டில்ட் திறந்ததுதானே என்பீர்கள். சைலன்சர் வாயிலிருந்து ஐந்தடியில் ஒரு ஜன்னல் இருந்தால் அது திறந்தது இல்லை. யாருக்காவது தலை சுற்றினால் முதலில் வெளியே கொண்டு வாங்க, அப்புறம் 108. "கார் புகை இருந்த இடம்" என்று டாக்டரிடம் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையில் சிகிச்சை மாறும். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம், முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி.

24/ மூணாவது, பழைய பிரேக் லைனிங். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதாதீங்க, ஏர் அடிக்காதீங்க. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கவரில் கட்டிப் போடுங்க. ஆஸ்பெஸ்டாஸுக்கு ஏற்ற ரெஸ்பிரேட்டர் போடுங்க. அந்தத் தூள் தரும் நுரையீரல் நோய் பல பத்து வருஷம் கழித்து வரும். இன்னைக்கு இருமல் இல்லைங்கறது சமாதானம் ஆகாது.

25/ சின்னதாக மூன்று: டியூப் வைத்து வாயால் பெட்ரோல் உறிஞ்சாதீங்க, நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. சுரண்டும்போது கண்ணாடி போடுங்க. கடைசியாக டிடி ஊசி போட்டு பத்து வருஷம் ஆகிவிட்டதா பாருங்க.

26/ காகிதம். முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டிய காரை 'விண்டேஜ்' வண்டியாகப் பதியலாம் என்று 2021ல் விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனா தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்புக்கு மட்டும். சேசிஸ், பாடி, எஞ்சினை மாற்றியிருக்கவும் கூடாது. இதை முதலிலேயே முடிவு செய்யுங்க. வேற எஞ்சின் வெச்ச பிறகு யோசித்தால் அந்த வழி அடைபடும்.

27/ இப்போது எட்டு மாதம் ஆச்சு. பாடி ஒர்க்‌ஷாப்பில், சேசிஸ் ப்ரைமரோடு ஸ்டில்ட்டில். ஹெரால்டில் பாடியும் சேசிஸும் தனித்தனி, போல்ட்டைக் கழற்றினால் பிரியும். இவ்வளவு சின்ன இடத்தில் வேலை நடக்கக் காரணம் அதுதான். ஸ்டியரிங் இன்னும் சேசிஸ் மேலேயே நிற்கிறது. சாயங்காலம் அம்மா பிளாஸ்டிக் சேர் போட்டு அதன் முன்னாடி உட்கார்றாங்க. வாட்ச்மேன் அண்ணன் வீட்டு அக்கா எதிரே திண்ணையில் பூ கட்டுறாங்க. எனக்குத் தெரியாத மயிலாப்பூர்க் கதையெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு.

28/ கெடுவுக்கு நாலு மாதம் இருக்கு. உங்களிடமும் ஒரு பழைய வண்டி எங்கேயோ தூசியில் நின்றால், ஸ்பேர் விலை கேட்பதற்கு முன் ஒரு டேப்போடு கீழே இறங்குங்க. சம்ப் எங்கே, ஜன்னல் எங்கே, அங்கே யார் தூங்குகிறார்கள் என்று பார்த்து எழுதுங்க. அளவைக் கீழே போடுங்க, சேர்ந்து யோசிக்கலாம்.