பொம்மை ரயிலின் கணக்கு

போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நோட்டை இன்றும் 'கயே' என்றுதான் சொல்ல வருகிறது. அதில் 1979 முதல் 2017 வரை என் பொம்மை ரயிலுக்கு ஆன செலவு பைசா பிசகாமல் இருக்கிறது. குமாஸ்தா புத்தி!

பைத்தியம் பிடித்தது பன்னிரண்டு வயதில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த மாமா லீவில் வந்தபோது ஒரு 'ழூஎஃப்' ரயில் பெட்டி கொண்டுவந்தார். பிரான்சில் செய்தது. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர்; அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். ஆகவே கடையில் வாங்கும் எதிலும் நம்மூர் ரயில் சரியாக ஓடாது. மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் பாதை தனியாக வேண்டும். அதற்கு இன்னொரு செலவு.

வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, கையில் காசு புரண்டதும் நானே வாங்க ஆரம்பித்தேன். போனஸ் வந்தால் இன்ஜின். அகவிலைப்படி பாக்கி வந்தால் தண்டவாளம். ஓய்வு பெற்று 2010-ல் பரங்கிப்பேட்டைக்கு வந்தபோது மாடி அறை முழுக்க அதற்குத்தான். உப்புக் காற்றில் தண்டவாளம் கறுக்கும். வாரம் தவறாமல் துடைக்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் கூரை ஓட்டைப் பிய்த்தது. பாதி நனைந்து வீணாயிற்று. விட்டேனா? மறுபடி கட்டினேன்.

கூட்டிப் பார்த்தேன்: 4,12,370 ரூபாய். பெரிய தொகைதான், ஆனால் நெஞ்சு அடைக்கவில்லை. நோட்டில் எழுதாததைக் கணக்கிட்டபோதுதான் அடைத்தது. நாளைக்கு இரண்டு மணி நேரம், 38 ஆண்டு. 27,740 மணி. எட்டு மணி நேர ஆபீஸ் நாளாக்கினால் 3,467 நாள். ஞாயிறு, பண்டிகை எதுவும் இல்லாமல் ஒன்பதரை ஆண்டு உத்தியோகம்.

இன்னொன்றும் உண்டு. என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. ரயிலில் ராமேசுவரம் போக வேண்டும், பாம்பன் பாலத்தைப் பார்க்க வேண்டும். "அடுத்த வருஷம்" என்பேன். குடும்பத்தோடு போய்வர அரசாங்கம் பயணச் சலுகை தந்தது. ஒரு முறைகூட எடுக்கவில்லை. ஆனால் 2003-ல் லீவு போட்டுவிட்டு, புனேயில் ஜோஷி என்பவர் அமைத்த குட்டி ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்க நான் மட்டும் போய்வந்தேன்.

பாம்பன் பாலத்தையும் செய்தேன். நிஜப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல். அளவுப்படி செய்தால் 23 மீட்டர் தாண்டும். வீட்டில் இடம் ஏது? கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதியை மட்டும் தகரத்தில் செய்தேன். மூன்று மாத வேலை. காப்பி கொண்டுவந்தவள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, நெசப் பாலத்த எப்பக் காட்டுவீங்க?"

அவள் கேட்க ஆரம்பித்தது மீட்டர் கேஜ் காலத்தில். அந்தப் பாதை அகலப்பாதை ஆயிற்று. 1914-ல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது. அதில் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். அவளுக்கு இப்போது முழங்கால் வலி, படி ஏற முடியாது.

கயேவை அவளிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். திட்டவில்லை. "கீழ் பெர்த்தா பாத்து எடுங்க" என்றாள்.

எடுத்துவிட்டேன். இரண்டு டிக்கெட், சிதம்பரத்திலிருந்து. நண்பர்களே, உங்களிடமும் இப்படி ஒரு நோட்டு இருந்தால், கூட்டிப் பார்க்க என்னைப் போல எழுபது வயதைத் தாண்ட விடாதீர்கள்.