புயலுக்கு நடுவே அரை மணி நேரம்

ஓய்வு பெற்றவன் வீட்டில் காலை பத்து மணிக்கு மேல் சத்தம் கிடையாது. குக்கர் விசில் அடங்கிவிடும், பள்ளி வேன்கள் போய்விடும், பேப்பரில் வரி விளம்பரம்வரை படித்தாகிவிடும். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பங்குனி மாதத்தில், தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் அப்படி உட்கார்ந்திருந்தபோது இந்த அமைதியை முன்பே எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. சிறிது நேரத்தில் பிடிபட்டது. 1977 நவம்பரில், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை கடந்த புயலின் நடுவில், காற்று சட்டென்று நின்றபோது இருந்த அமைதி அது.

மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். கல்யாணமில்லை, கருமாதியில்லை, பட்டா மாற்றும் வேலையும் இல்லை. இப்படிக் காரணமில்லாமல் கிளம்ப முடிவது பென்ஷன் வாங்குகிறவனுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை.

நாகைவரை ரயில். திருவாரூரைத் தாண்டினால் இரு பக்கமும் தட்டைப் பூமி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரப்பு. கீழ்வேளூர் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது எதிரே இருந்த இளைஞர் செல்போனில் மழைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கக்கடலில் ஒரு சுழி உருவானால் இப்போது ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடுகிறது. பெயரும் தயாராக இருக்கிறது. நம் கடல் பகுதியில் புயல்களுக்குப் பெயர் சூட்டுவதே 2004இல்தான் தொடங்கியது. எங்கள் புயலுக்குப் பெயர் கிடையாது. இன்றும் ஊரில் ‘எழுபத்தேழு புயல்’ என்றுதான் சொல்வார்கள்.

அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வானொலியும் கூண்டும். துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் அந்த எச்சரிக்கைக் கூண்டுகளில் பதினொரு எண்கள் உண்டு. எட்டு என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும், ஒன்பது என்றால் வலப்பக்கம் விட்டு, பத்து என்றால் துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ. பதினொன்றுக்குப் பொருள், வானிலை நிலையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது. இனி உன் பாடு, கடல் பாடு என்று சொல்வதற்கும் ஓர் எண் ஒதுக்கி வைத்த முன்யோசனையை நான் பல தடவை வியந்திருக்கிறேன்.

நாகையில் பஸ் மாறி வேளாங்கண்ணி. வெள்ளையாற்றுப் பாலம் தாண்டினால் செருதூர், அப்புறம் பிரதாபராமபுரம், காமேஸ்வரம். சாலையோரம் மணல் பூமி. கத்தரிக் கொல்லை, மாந்தோப்பு, சவுக்கு. தென்னைகள் மட்டும் ஒரே வயதில், ஒரே உயரத்தில் நின்றன. 2018 கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள். காமேஸ்வரத்தில் இறங்கி மேற்கே நடந்தேன். எங்கள் பழைய வீடு கைமாறி வெகுகாலமாகிறது. அங்கே நிற்காமல், ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனின் வீட்டுக்குப் போனேன்.

“வாய்யா, கவர்மெண்டு ஆளு! பென்ஷன் ஒழுங்கா வருதா?” என்றான். உள்ளே திரும்பி டீ போடச் சொன்னான். அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு, முன்னால் தகரச் சார்ப்பு.

எழுபத்தேழைப் பற்றி நான்தான் எடுத்தேன். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் பத்தாம் தேதி. மறுநாள் ராத்திரி புயல். நனைந்துபோன ஓலை வெடிகளை அப்பாயி அடுப்பு மேட்டில் காய வைத்ததும், அப்பா அவளைத் திட்டியதும் எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. இருட்டியதும் வடக்கேயிருந்து காற்று ஏறியது. எங்களுடையது ஓட்டு வீடு. கீற்றுக் கொட்டகைகள் பிய்ய ஆரம்பித்ததும் ஊரே எங்களிடம் வந்தது. பத்தாயத்திலிருந்து நெல்லும் அரிசியும் இறங்கின, அண்டாவில் கஞ்சி கொதித்தது. எனக்கு அது திருவிழா. பள்ளிக்கூடம் லீவு, வீடு முழுக்கப் பிள்ளைகள்.

“வீட்டுல யாருடா இருந்தா? நாங்க தொழுவத்துல இருந்தோம்” என்றான் அவன். குரலில் கோபமில்லை. “மாடு சூடா இருக்கும்ல, அதுக்கு ஒட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்தோம். கஞ்சி வந்துச்சு. அத இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

வெண்மணி அங்கிருந்து வெகு தூரமில்லை. 1968 டிசம்பரில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நான்கு பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டு ஒன்பது வருஷம்கூட ஆகாத காலம். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதைப் புயல் காற்றுக்கும் சொல்லிக் கொடுத்திருந்த ஊர் அது. என் நினைவில் கூடம், அவன் நினைவில் தொழுவம். நடுவில் ஒரு முற்றம்தான்.

நள்ளிரவுக்குப் பிறகு காற்று நின்றது. வெறித்தது என்று பெரியவர்கள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். புயலின் கண் ஊருக்கு மேலே நின்ற நேரம் அது. அது கடந்ததும் காற்று எதிர்த் திசையிலிருந்து அடிக்கும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், வயலில் நிற்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. அவனுடைய அப்பா ஆடுகளைப் பார்க்க ஓடினார். அரை மணி நேரம்கூட இருக்காது, தெற்கேயிருந்து பிடித்துக்கொண்டது. வடகாற்றுக்குச் சாய்ந்தும் விழாமல் நின்ற மரங்களையெல்லாம் இந்தக் காற்று திருப்பி அடித்துச் சாய்த்தது. விடிந்தபோது அவர் ஒரு புளிய மரத்து அடியைக் கட்டிக்கொண்டு உயிரோடு இருந்தார். ஆடுகள் இல்லை. சம்பா நடவு உப்புத் தண்ணீரில் கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் வெகுநாள் கரித்தது.

அந்தப் புயல் உள்ளே போய்த் திருச்சியையும் வெள்ளத்தில் மூழ்கடித்தது. ஒரே வாரத்தில், 19ஆம் தேதி, ஆந்திராவில் திவிசீமாவைக் கடல் ஏறிவந்து அழித்தது. பத்தாயிரத்துக்கு மேல் சாவு. பத்திரிகைகள் அங்கே போய்விட்டன. நியாயம்தான். ஆனாலும் எங்கள் பக்கத்துச் சாவுகள் நாட்டுக்கு மறந்துபோனதற்கு அந்த ஒரு வாரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

“கஜாவுல?” என்று கேட்டேன்.

“அதுலயும் நடுவுல நின்னுச்சு. ஒருத்தரையும் வெளிய விடலியே நான்! கதவுல குறுக்க உக்காந்துட்டேன். பேரன் தாண்டிப் போறேன்னான், ஒண்ணு வச்சேன்.” சிரித்தான். வீடு நின்றது, தோப்பு போனது. விழுந்த தென்னைக்கு அறுநூறும் வெட்டி அகற்ற ஐந்நூறுமாக மரத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாய் என்று அரசு கொடுத்தது. தென்னை நட்டுக் காய் பார்த்தவனுக்கு அது என்ன கணக்கு என்று தெரியும். புதுக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பையில் கத்தரிக்காயைத் திணித்தான்.

“அடுத்த தடவை ஐப்பசியில வா. இந்த வெயில்ல உக்காந்து புயலப் பத்திப் பேசினா ரெண்டு பேருமே பொய்தான் சொல்லுவோம்.”

வருகிறேன் என்றேன். “வந்தா ராத்திரி தங்கணும். இடம் இருக்கு” என்றான்.