கதையும் அவருடையதே

தமிழ்த் திரையில் முதன்முதலாக வாய் திறந்து பேசிய கதாநாயகி யார் என்று கேட்டால், பொது அறிவுப் புத்தகம் புரட்டிய எவரும் டி. பி. ராஜலட்சுமி என்று சொல்லிவிடுவர். 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த 'காளிதாஸ்' தான் அந்தப் படம். நாயகன் தெலுங்கில் பேச, நாயகி தமிழில் பேசிய விந்தைப் படம் அது! அதன் பிரதி இன்று கிடைப்பதில்லை. போகட்டும். நான் அவரை நினைப்பது நடிப்புக்காக அன்று.

1911-இல் திருவையாற்றில் பிறந்தவர் அவர். அறியாப் பருவத்திலேயே திருமணம். அந்த வாழ்வு நிலைக்கவில்லை. தந்தையும் மறைந்தபின் குடும்பத்தின் வறுமை அவரை நாடக மேடையில் ஏற்றியது. எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்தில் திரௌபதி வேடத்தையும் ஆண்களே கட்டுவது வழக்கம். பெண்ணொருத்தி மேடையேறினால் ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை எனக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்தப் பெண் பேனாவையும் எடுத்தார். 'கமலவல்லி' என்று நாவல் எழுதினார். அதையே 1936-இல் 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். கதை அவருடையது, தயாரிப்பும் டைரக்‌ஷனும் அவருடையவை, நடித்தவரும் அவரே! ஹாலிவுட்டின் ஊமைப்பட நாட்களில் லோயிஸ் வெபர் என்ற அம்மையார் இப்படித் தாமே எழுதி, நடித்து, இயக்கினார். 1926-இல் பம்பாயில் ஃபாத்மா பேகம் ஊமைப்படம் இயக்கினார். தென்னாட்டில் ராஜலட்சுமிக்கு முன் எந்தப் பெண்ணும் படம் இயக்கவில்லை. 'மதுரை வீரன்' கதையையும் பின்னர் அவர் இயக்கினார். எம்.ஜி.ஆர். படத்துக்கு முந்தியது அது.

இயற்பியல் மாணவிக்குச் சினிமாக் கதை எதற்கு என்று தோழியர் கேலி செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா தேரடி வீதியில் பூக்கட்டி விற்கிறார். வருகிற தையில் என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அந்தப் பேச்சு நடந்த இரவில்தான் ஆயாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"கூத்தாடி கதை உனக்கு எதுக்குடி?" என்றார் ஆயா.

"அவங்களே எழுதின கதை, ஆயா."

"பொம்பளையா எழுதினா?"

"ஆமாம். படமும் அவங்களே எடுத்தாங்க. பிற்பாடு சொந்தப் படம் எடுத்துக் காசையும் விட்டாங்க."

ஆயா வெற்றிலையை மடித்தபடி வெகுநேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"இவளுக்கு மூணாம் வருசம் எப்ப முடியுது?"