வெள்ளை சாக்கெட், கருப்பு சாக்கெட்

சட்டைப் பையில் விரிசல் விட்ட, நட்டு திருகும் சாக்கெட் ஒன்றோடு நாமக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். 19 எம்.எம்., பளபளவென்று குரோம் பூசியது. முந்தின ஞாயிறு கார் டயரைக் கழற்ற, நட்டைச் சுழற்றும் நண்பனின் பேட்டரி கன்னில் அதை மாட்டி அழுத்தினேன். நாலாவது நட்டில் ‘டிக்’ என்றது. இருபது வருஷம் கையால் திருகியும் ஒன்றும் ஆகாத சாமான் அது.

லாரிக்குப் பேர்போன ஊர். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி பாடி கட்டும் பட்டறை, ஸ்பிரிங் பட்டை வேலை, டயர் கடை என்று வரிசையாகப் போகிறது. அப்படி ஒரு டயர் கடை மேஸ்திரியிடம் சாக்கெட்டை நீட்டினேன். அவர் அதை ஸ்க்ரூ டிரைவர் நுனியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினார். ‘டொக்’. தன் பெட்டியிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துத் தட்டினார். ‘ணிங்’ என்று இழுத்தது.

“பானை வாங்குறப்ப தட்டிப் பாக்கறதில்லீங்களா? அதேதான். இதை எதுல மாட்டுனீங்க?”

“கன்னுலதான்.”

“அப்புறம் வெடிக்காம என்னங்க பண்ணும்?”

அதற்குள் ஒரு லாரி வந்து நின்றது. பின்பக்க டயர், பத்து நட்டு. பையன் ஒரு இஞ்ச் முனை கொண்ட கன்னை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தான். நானும் தூக்கிப் பார்த்தேன், கை தழைந்துவிட்டது. அதன் மூக்கில் சின்னச் சொம்பு கனத்தில் கருப்பு சாக்கெட். பளபளப்பு கிடையாது, சுவர் தடிமன் என் சாக்கெட்டைப் போல இரண்டு மடங்கு இருக்கும். விசையை அழுத்தியதும் கடையே அதிர்ந்தது.

அந்தச் சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. நம் கை நட்டை நிதானமாக, ஒரே சீராக அழுத்துகிறது. கன்னுக்குள்ளே ஒரு சுத்தியல் சுழன்று சுழன்று அடிக்கிறது. கையால் திருகும் வெள்ளை சாக்கெட் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகு. தேயாமல் இருக்க நன்றாகக் கடினப்படுத்தி, சந்து பொந்தில் நுழைய மெல்லிசாகச் செய்திருப்பார்கள். கருப்பு வகை குரோம் மாலிப்டினம். கடினம் கொஞ்சம் குறைவு; அதனாலேயே அடியை வாங்கி நெளிந்து மீள்கிறது.

மேஸ்திரி இதை இரண்டே வரியில் முடித்தார்: “அருவாளுக்கு வாய்ல மட்டுந்தான் பதம் ஏத்துவாங்க. முதுகுக்கும் ஏத்துனா முதல் வெட்டுலயே ரெண்டாயிரும்.”

கருப்பு சாக்கெட்டின் கழுத்தில் ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு பள்ளம். துளையில் பின்னைச் செருகி, பள்ளத்தில் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். பின் தெறிக்காமல் காப்பது அந்த வளையம்தான். இந்தக் கடையில் வளையம் எப்போதோ தொலைந்துபோய், சைக்கிள் டியூபைக் கத்தரித்து மாட்டியிருந்தார்கள். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று ஆணியில் தொங்கியது, மேலே விரல் தடிமனுக்குத் தூசி. வெள்ளை சாக்கெட் வெடித்தால் குரோம் பூச்சு பிளேடு மாதிரி உரிந்து பறக்கும் என்று எச்சரித்த மேஸ்திரியின் அதே வாய், “கண்ணாடி போட்டா வேர்க்குதுங்க” என்றது. எனக்கு அது ஒப்பவில்லை.

வெள்ளைக்கும் இங்கே வேலை உண்டு. சில கார்களின் அலாய் வீல் குழிக்குள் தடித்த கருப்பு சாக்கெட் நுழையாது. அங்கே மெல்லியதை மாட்டிக் கையால்தான் திருகுவார்கள். முடுக்கும்போதும் கன் பாதி வேலைதான். லாரியின் 22 எம்.எம். ஸ்டட்டுக்குச் சுமார் 600 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஓர் ஆள் ஏறி நின்றால் வருகிற முறுக்கு அது. பையன் கன்னை வைத்துவிட்டு, எதிரெதிர் நட்டாகப் பார்த்து டார்க் ரெஞ்ச்சால் முடித்தான்.

“விவரம் தெரிஞ்சும் கன்னுல வெள்ளையை மாட்டுறாங்களே, ஏன்?” என்று கேட்டேன்.

“அந்த சைஸ்ல கருப்பு கைல இருக்காது. ஒரே ஒரு நட்டுதானேன்னு மாட்டுவாங்க. இல்லைன்னா, மின்னுறதுதான் ஒசத்தின்னு நெனப்பு.” இரண்டாவது காரணம் எனக்கே பொருந்தியது.

கிளம்பும்போது என் சாக்கெட்டுக்குக் கை நீட்டினேன். மேஸ்திரி தரவில்லை. வைஸில் இறுக்கி, கிரைண்டரால் நெடுக அறுத்து, இரண்டு துண்டையும் பழைய இரும்பு டின்னில் போட்டார்.

“முழுசா கெடந்தா, எவனாவது எடுத்து மாட்டிருவானுங்க.”