ஆற்றோரம் ஒரு வீடு

பெண்ணின் பிரசவத்துக்காகப் பிரான்சு போய் வந்தேன். "ஈபில் கோபுரம் பார்த்தேளா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் இருந்ததோ தெற்கே, அவிஞோனிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் இருக்கும் வேஸோன்-லா-ரோமேன் என்ற சிற்றூரில். ஜனத்தொகை ஆறாயிரம் சொச்சம்.

ஊர் நடுவே ஊவேஸ் ஆறு. கோடையில் மெலிந்து கிடக்கும். ஒரு கரையில் ரோமானியர் கால வீடுகளின் இடிபாடு. எதிர்க்கரையில் பாறை மேல் பழைய கோட்டை, கீழே கல் வீடுகள். இரண்டையும் சேர்ப்பது சுமார் இரண்டாயிரம் வருஷத்துப் பாலம். ஒரே வளைவு! செவ்வாய்க்கிழமை சந்தையில் பக்கத்து நியோன் ஊர்க் கறுப்பு ஆலிவ் வாங்கினோம். ஊறின நெல்லிக்காய் போல் சுருங்கி இருந்தது. மோர் சாதத்துக்குப் பரவாயில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாங்குவதற்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றோரம் ஒன்று, விலையும் சல்லிசு. "படியே இல்லேம்மா, குழந்தை வண்டியை அப்படியே உள்ளே தள்ளிண்டு போயிடலாம்" என்று பெண்ணுக்கு ஒரே ஆசை.

குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி அதைக் கேட்டதும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். 1992 செப்டம்பர் 22. கொட்டின மழையில் சில மணி நேரத்துக்குள் ஆறு பாலத்துக்கு மேலேயே ஏறிவிட்டதாம். ஆற்றோரக் கூடார முகாமிலிருந்து அடித்து வந்த வண்டி வீடுகள் பாலத்தில் மோதிச் சுக்குநூறாயின. கரையில் புதிதாகக் கட்டின வீடுகளும் போயின. இந்த ஊரில் மட்டும் முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் போயிற்று, வளைவு அசையவில்லை. 1944-ல் ஜெர்மானியர் வெடி வைத்தும் நின்ற பாலமாயிற்றே!

நாமும் வீடு பார்க்கப் போனால் வாசல் எந்தத் திசை, கிணற்றில் தண்ணீர் உண்டா என்று துருவித் துருவிக் கேட்போம். வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்கிறோமா?

அங்கே 2006-லிருந்து ஒரு சட்டம். வெள்ள அபாயம் உள்ள பகுதி என்றால் விற்பவர் அதை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை கட்டைப் பிரித்தால், நடுவில் அந்தக் காகிதம் இருந்தது. தோட்டத்து ரோஜாவைப் பற்றி அரை மணி பேசின தரகர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை! பெண் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றாள்.

போன வாரம் போன் பண்ணினாள். மேட்டில் ஒரு வீடு அமைந்துவிட்டதாம். முப்பத்துநாலு படி. "எண்ணிட்டேம்மா" என்கிறாள். அடுத்த தடவைக்கு மூட்டு வலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.